கிணற்றுக்குள் இருந்த மலையாளம்

மதியச் சாப்பாடு முடிந்து, என்னிடம் விட்டுப்போகிற அக்கம்பக்கத்துக் குழந்தைகளைக் கூடத்தில் பாய் விரித்துப் படுக்க வைத்துவிட்டு, அடுக்களையில் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தேன். பங்குனி வெயில். ஜன்னலுக்கு வெளியே வாழைக்கூட்டம், அதற்கு அந்தப்பக்கம் கிணறு. காற்று இல்லை. ஒரு காக்காய்கூட இல்லை. திருவனந்தபுரத்தில் வலியசாலைக்குப் பின்னால் சாலைக் கடைத்தெருவுக்கு இறங்குகிற எங்கள் சந்தில் அந்த நேரத்துக்கு ஆள் நடமாட்டமே இருக்காது.

கிணற்றுப் பக்கமிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஆரு... அவிடெ?”

யார் அங்கே என்று மலையாளத்தில் இரண்டே வார்த்தை. நடுவில் ஒரு இழுப்பு. நெஞ்சுக்குள் சின்னதாக விசில் ஊதியது மாதிரி ஒரு சத்தம், அதற்குப் பிறகு இரண்டாவது வார்த்தை.

என் கையிலிருந்த கிண்ணம் நழுவி விழுந்தது. அந்த இழுப்பு எனக்குத் தெரியும். பக்கத்து வீட்டு அம்மிணிக்கு ஆஸ்துமா. இரண்டு வார்த்தைக்கு ஒரு தடவை அவள் அப்படித்தான் மூச்சை இழுத்துக்கொள்வாள். எங்கள் சந்தில் வேறு யாரும் அப்படிப் பேசமாட்டார்கள்.

அம்மிணி செத்துப்போய் ஒரு வாரம்கூட ஆகியிருக்கவில்லை.

“ஊணு... கழிச்சோ... மக்களே?” என்றது குரல். சாப்பிட்டாயா குழந்தே என்று கேட்கிறது.

நான் தைரியசாலி என்று என் வீட்டுக்காரர் ஊரெல்லாம் சொல்லி வைத்திருந்தார். அந்தப் பெயரைக் காப்பாற்றத்தான் வெளியே போனேன் என்று நினைக்கிறேன். கிணற்றடியில் யாரும் இல்லை. குனிந்து உள்ளே பார்த்தேன். தண்ணீரில் என் முகம் மட்டும் கறுப்பாக ஆடிக்கொண்டிருந்தது.

கூடத்துக்கு ஓடி வந்தேன். குழந்தைகள் எல்லாரும் பாயில்தான் கிடந்தார்கள். ஓரத்தில் இசக்கி என்கிற சிறு பெண் சுவரைப் பார்த்து ஒருக்களித்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். அவளுடைய பாவாடை நுனி நனைந்திருந்தது. தண்ணீர் குடிக்கும்போது கொட்டிக்கொள்ளாத குழந்தை எந்த ஊரில் இருக்கிறது? நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

இரண்டு வீட்டுக்கு ஒரு கிணறு

அந்தக் கிணற்றைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். இல்லாவிட்டால் இந்தக் கதை புரியாது.

திருவனந்தபுரத்தில் அப்போதெல்லாம் இரண்டு வீட்டுக்குப் பொதுவாக ஒரு கிணறு இருப்பது சாதாரணம். கிணற்றின் குறுக்கே ஒரு கல் உத்தரம் போட்டு, அதன்மேல் மதிலைக் கட்டிவிடுவார்கள். பாதி வட்டம் அவர்களுக்கு, பாதி வட்டம் நமக்கு. மேலே ஆளுக்கொரு கப்பி, ஆளுக்கொரு கயிறு. மதில் ஆள் உயரத்துக்கு மேல் இருப்பதால் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்க முடியாது. கீழே தண்ணீர் மட்டும் ஒன்று.

ஆனால் அங்கே நின்று பேசுகிற பேச்சு மதிலுக்கு மேலாக வராது. கிணற்றுக்குள் இறங்கி, தண்ணீரைத் தொட்டு, கனத்துப்போய் இந்தப் பக்கம் ஏறி வரும். சாய்ந்து பார்த்தால் எதிர்ப்பக்கம் குனிந்து நிற்கிறவரின் முகம் தண்ணீரில் தெரியும். கல்யாணமாகி வந்த புதிதில் இது எனக்கு ஒத்துக்கொள்ளவே இல்லை. தண்ணீர் இறைக்கப் போனால், யாரோ ஒரு பெண்ணின் முகம் ஆழத்திலிருந்து என்னைப் பார்த்து, “எந்தரு விசேஷம்?” என்ன விசேஷம் என்று கேட்கும். வாளியைப் போட்டுவிட்டு ஓடியிருக்கிறேன்.

அந்த முகம்தான் பார்கவிச் சேச்சி. புருஷன் இல்லாதவர். அம்மிணி அவருக்கு ஒரே மகள். இருபது வயதுக்கு மேல் இருக்கும். மழை வந்தால் இழுப்பு, பனி வந்தால் இழுப்பு, யாராவது மிளகாய் வறுத்தால் இழுப்பு. காலேஜை நிறுத்திவிட்டு, பகலெல்லாம் கிணற்றடி நிழலில் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்திருப்பாள். எப்போதும் சிரித்த முகம்.

விளையாட்டுப் பள்ளிக்கூடம்

எழுபதுகளின் தொடக்கம் என்று வைத்துக்கொள்ளுங்கள். சாலைக் கடைகளில் வேலை பார்க்கத் தெற்கேயிருந்து வந்த தமிழ்க் குடும்பங்கள் எங்கள் பக்கத்தில் நிறைய. பிள்ளைகள் வீட்டில் தமிழ் பேசும். ஜூன் மாதம் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விட்டால் அங்கே எல்லாம் மலையாளம். திருவிழாவில் தொலைந்த மாதிரி முழிக்கும். அதனால்தான் பள்ளி வயதுக்கு முந்திய குழந்தைகளை என் வீட்டுக் கூடத்தில் சேர்த்து வைத்துக்கொண்டு, விளையாட்டாகவே மலையாளம் பழக்க ஆரம்பித்தேன்.

விளையாட்டு என்றால் விளையாட்டுதான். சிலேட்டும் கிடையாது, பிரம்பும் கிடையாது. ஸ்டூல்களை வரிசையாகப் போட்டால் அது பஸ். நான் கண்டக்டர். “ஆளிறங்கணும்!” என்று மலையாளத்தில் கத்தினால்தான் பஸ் நிற்கும். கத்தாத பிள்ளை கடைசி ஸ்டாப்புவரை வர வேண்டும். ஒரு பையன் வெட்கப்பட்டுக்கொண்டு கத்தாமலே பஸ்ஸில் உட்கார்ந்து தூங்கிவிட்டான். அவன் அம்மா வந்து தூக்கிக்கொண்டு போனாள். மறுநாள் உள்ளே நுழையும்போதே “ஆளிறங்கணும்” என்று கத்திக்கொண்டே வந்தான்.

சொல்லிக்கொடுத்தால் குழந்தைக்கு மொழி வராது. அதற்கு ஏதாவது வேண்டும் என்று ஆகவேண்டும், அந்த வேண்டியது அந்த மொழியில் மட்டும்தான் கிடைக்க வேண்டும். நான் கண்டுபிடித்தது இவ்வளவுதான்.

கிணற்று விளையாட்டு தானாக வந்தது. ஒருநாள் ஒரு வாண்டு கிணற்றுக்குள் “ஓய்!” என்று கத்தியது. உள்ளேயிருந்து, “ஓய்... எந்தரு... அப்பீ?” என்று பதில் வந்தது. அந்த ஊரில் சின்னப் பிள்ளைகளை அப்பி என்றுதான் கூப்பிடுவார்கள். அம்மிணியின் குறும்பு. குழந்தைகள் அலறியடித்துக்கொண்டு ஓடிவந்து, அடுத்த நிமிஷமே திரும்பிப் போய் மறுபடி கத்தின.

அன்று முதல் கிணற்றுக்குள் ஒரு சேச்சி இருக்கிறாள், அவளுக்குத் தமிழ் தெரியாது என்று ஆகிவிட்டது. தமிழில் கேட்டால், “மனசிலாயில்ல... மக்களே” என்று, புரியவில்லையே என்கிற சோகத்தோடு சொல்லுவாள். மலையாளத்தில் கேட்டால் என்ன சாப்பிட்டாள், எங்கே தூங்கினாள், தவளை என்ன சொல்லிற்று என்று எல்லாம் சொல்லுவாள். கிணற்றின் வாயில் கம்பி வலை போட்டு, ஓரத்தில் வாளி இறங்க மட்டும் இடம் விட்டிருந்தேன். என் கண்ணுக்கு முன்னால் தவிர விளையாட்டு கிடையாது. அந்த மாதங்களில் என் பிள்ளைகளின் மலையாளம் வளர்ந்த வேகத்தைப் பார்த்து எனக்கே பொறாமையாக இருந்தது.

வாய் திறக்காத இசக்கி

இசக்கி மட்டும் பேசமாட்டாள்.

அவள் அப்பா சாலையில் ஒரு அரிசி மண்டியில் மூட்டை தூக்கினார். அம்மா வடிவு. திருநெல்வேலிப் பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்தவர்கள். ஊரில் இசக்கி வாயாடியாம். இங்கே வந்ததும் லைன் வீட்டுப் பிள்ளைகள் அவள் பேச்சைக் கேட்டுச் சிரித்திருக்கின்றன. அவ்வளவுதான், கடையைச் சாத்திவிட்டாள். மலையாளமும் இல்லை, தமிழும் இல்லை. ராத்திரி அம்மாவின் காதுக்குள் மட்டும் ஏதோ முணுமுணுப்பாள் என்று வடிவு சொன்னாள்.

முந்தைய வருஷம் பள்ளிக்கூடத்தில் ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்ட எதற்கும் பதில் இல்லை. பேசாத குழந்தையை எப்படிச் சேர்ப்பது, அடுத்த வருஷம் பார்க்கலாம் என்று அனுப்பிவிட்டார்கள். இந்த வருஷமும் சேர்க்காவிட்டால் பிள்ளையை ஊருக்கு அனுப்பிவிடுவது என்று அப்பா முடிவு செய்துவிட்டார். அண்ணன் வீட்டில் ஆடு மேய்க்கவாவது ஆகும் என்றாராம்.

வடிவு என் அடுக்களை வாசலில் நின்று அழுதாள். “டீச்சர், அது எங்கூட இல்லாட்டி நான் என்னத்துக்கு இந்த ஊர்ல கெடக்கணும்? பேரு கேட்டா பேரு மட்டும் சொல்லட்டும் டீச்சர். அது போதும் எனக்கு.”

பஸ் விளையாட்டில் இசக்கி கடைசி ஸ்டாப்புக்கும் அப்பால் வந்தாள். கிணற்று விளையாட்டில் மட்டும் எல்லாருக்கும் பின்னால் நின்று, கண் கொட்டாமல் கேட்டுக்கொண்டிருப்பாள். அம்மிணி மூச்சை இழுக்கும்போது இவள் தோளும் கொஞ்சம் ஏறி இறங்கும்.

இந்த இடத்தில் என் சொந்தக் கதை ஒன்று. போன வாரம் இந்தத் தொடரில் என் கல்யாணத்தை எழுதினேன் அல்லவா, அதற்கடுத்த வருஷம். எனக்கு மலையாளம் வந்தது விழிஞ்ஞத்து மீன்காரி ஒருத்தியால். எங்கள் வீட்டில் மீன் வாங்குவதில்லை. ஆனாலும் அவள் எங்கள் வேப்பமர நிழலில் கூடையை இறக்கி வைத்து, இடுப்பைப் பிடித்துக்கொண்டு “எண்டம்மோ” என்று முனகிவிட்டுத்தான் பேச்சை ஆரம்பிப்பாள். நானும் வெகுகாலம் அப்படி முனகிவிட்டுத்தான் மலையாளம் பேசினேன். ஆபீஸ் விருந்து ஒன்றில் மேலதிகாரியின் மனைவியிடம் நான் “எண்டம்மோ” என்று தொடங்கியதும் என் வீட்டுக்காரர் டம்ளரோடு எழுந்து வெளியே போய்விட்டார். மொழியை ஆளோடு சேர்த்துத்தான் நாம் எடுத்துக்கொள்கிறோம். அப்போது அது எனக்கு ஒரு வேடிக்கை மட்டும்தான்.

புல

அம்மிணி ஒரு விடியற்காலையில் இழுப்பு அதிகமாகி, ஆஸ்பத்திரிக்குப் போகிற வழியில் இறந்துபோனாள்.

மலையாளிகள் வீட்டில் சாவுத் தீட்டைப் புல என்பார்கள். புல முடியும்வரை அந்த வீட்டார் பொதுக்கிணற்றைத் தொடமாட்டார்கள். பார்கவிச் சேச்சி வீட்டில் கப்பியிலிருந்து கயிற்றைக் கழற்றி வைத்துவிட்டார்கள். துக்கத்துக்கு வந்து தங்கியிருந்த அவருடைய அண்ணன் தெருக்குழாயிலிருந்து தண்ணீர் சுமந்து வந்தார். கிணற்றின் பக்கம் அவர்கள் யாரும் தலைவைத்தும் படுக்கவில்லை.

குழந்தைகளிடம் என்ன சொல்வது? கிணற்றுச் சேச்சி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று சொன்னேன். இசக்கி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

இப்போது அந்த மதியத்துக்கு வருகிறேன். மதிலுக்கு அந்தப் பக்கம் ஆள் வர வழியே இல்லாத நாட்களில்தான் அந்தக் குரல் கேட்டது. மறுநாளும் கேட்டது. அதற்கு மறுநாள் நான் அடுக்களை ஜன்னலைச் சாத்தி வைத்தேன். சாத்திய ஜன்னலுக்குள்ளும் இழுப்பு மட்டும் வந்தது.

அன்று சாயங்காலம் பார்கவிச் சேச்சி எங்கள் முன்வாசல் கேட்டுக்கு வெளியே வந்து நின்றார். புல என்பதால் உள்ளே வரவில்லை. முகத்தில் ரத்தமே இல்லை.

“டீச்சரே, கேட்டோ?” என்றார்.

கேட்கவில்லை என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். ஆனால் ஆமாம் என்று தலையை ஆட்டினேன்.

“என்டெ அம்மிணி கிணற்றின்கரையில் நிக்குந்நு. சோறு உண்டோ உண்டோ என்னு சோதிக்குந்நு.” அவருடைய கை கேட்டுக் கம்பியைப் பிடித்திருந்தது. “சேட்டன் பறயுந்நு, கல்லு போட்டு மூடணுமென்னு. ஒரு மந்திரவாதியெ விளிக்கணுமென்னு. ஞான் எந்தரு செய்யும் டீச்சரே? ஸ்வந்தம் மோளெ ஞான் கல்லு போட்டு மூடணோ?”

அம்மிணி கிணற்றங்கரையில் நின்று சாப்பிட்டாயா என்று கேட்கிறாளாம், கிணற்றைக் கல் போட்டு மூடி மந்திரவாதியைக் கூப்பிட வேண்டும் என்று அண்ணன் சொல்கிறாராம். பெற்ற மகளைக் கல் போட்டு மூடுவதா என்று கேட்கிறார். எனக்கு அழுகையும் பயமும் சேர்ந்து வந்தது. ஒரு நாள் பொறுங்கள் சேச்சி என்று மட்டும் சொன்னேன். எதற்காக ஒரு நாள் என்று எனக்கே தெரியாது.

தண்ணீரில் ஒரு முகம்

மறுநாள் மதியம் குழந்தைகளைப் படுக்க வைத்துவிட்டு, நான் அடுக்களைக்குப் போகவில்லை. குளியலறைச் சுவருக்குப் பின்னால் ஒளிந்து நின்றேன். வெயில் உச்சியில் இருந்தது. 

வாழை இலை அசைந்தது. இசக்கி வந்தாள்.

சத்தமே இல்லாமல், பூனைமாதிரி. துணி துவைக்கிற கல்லில் ஏறி, கம்பி வலையின்மேல் இரண்டு கையையும் ஊன்றி, உள்ளே எட்டிப் பார்த்தாள். பாவாடை நுனி பக்கத்திலிருந்த வாளித் தண்ணீரில் கிடந்தது. ஓடிப்போய்ப் பிடித்து இழுக்கத்தான் தோன்றியது. வலை கெட்டியானது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு நின்றேன்.

“சேச்சி,” என்றாள். அவளுடைய குரலை அன்றுதான் முதன்முதலாகக் கேட்டேன். மெல்லிசாக, கரகரப்பாக இருந்தது.

பிறகு அவள் தோள் மெல்ல ஏறியது. நெஞ்சில் விசில் ஊதியது.

“ஆரு... அவிடெ?”

“ஞானா, இசக்கி.”

“ஊணு... கழிச்சோ... மக்களே?”

“கழிச்சு. சேச்சி கழிச்சோ?”

“கழிச்சு... மக்களே. தவளெயும்... கழிச்சு.”

இரண்டு குரலும் அவள் வாயிலிருந்துதான் வந்தன. கேள்வி அவளுடையது, பதில் அம்மிணியுடையது. மலையாளம் ஒவ்வொரு சொல்லும் சுத்தம். மாதக்கணக்காகப் பின்னால் நின்று கேட்டதையெல்லாம் அந்தக் குழந்தை அப்படியே உள்ளே சேர்த்து வைத்திருக்கிறது. மூச்சிரைப்பும் அந்த மொழியின் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டாள். அ, ஆ மாதிரி அதையும் படித்து வைத்திருக்கிறாள்.

பயம் விட்டது என்று மூச்சு விடப் போனேன். அப்போது இசக்கி இன்னும் குனிந்து, ரகசியம்போலக் கேட்டாள்.

“சேச்சிக்கு நெஞ்சு நோவுந்நோ?”

தண்ணீர் மட்டும் எங்கோ சொட்டியது.

“இப்போ இல்ல,” என்று பதில் வந்தது.

அந்தப் பதிலில் இழுப்பு இல்லை.

அம்மிணி இறந்ததை யாரும் குழந்தைகளிடம் சொல்லவில்லை. இசக்கியின் முகம் எனக்கு அரைவாசிதான் தெரிந்தது. உதடு அசைந்ததா என்று இன்றுவரை என்னால் சொல்ல முடியாது. மெல்லப் போய் அவளுக்குப் பின்னால் நின்று உள்ளே பார்த்தேன். தண்ணீரில் ஒரு முகம்தான் இருந்தது, அது அவளுடையது. அவளைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டேன். உடனே வாயை மூடிக்கொண்டுவிட்டாள்.

யாருடைய குரல்?

வடிவிடம் சொன்னேன். அவள் சந்தோஷப்படுவாள் என்று நான் நினைத்தது என் முட்டாள்தனம். முகம் வெளிறிப்போய்விட்டது.

“செத்த பொண்ணு எம்புள்ள மேல வந்து எறங்கியிருக்கா டீச்சர்? மூச்செரைச்சில்லா செத்தா அவ! எம்புள்ளைக்கும் மூச்சு நின்னுட்டுன்னா?”

“இறங்கவும் இல்லை ஏறவும் இல்லை. உன் பிள்ளை பேசுகிறது வடிவு. அதுதானே கேட்டாய்?”

“எம்புள்ள கொரல்ல பேசணும்னுலா கேட்டேன்.”

அப்பாவுக்கு அந்தக் கவலையெல்லாம் இல்லை. “எந்தக் கொரலா இருந்தா என்னட்டி? பள்ளிக்கூடத்துல சேத்தாச் சரி,” என்றார்.

பார்கவிச் சேச்சியிடம் சொல்வதுதான் கஷ்டமாக இருந்தது. கேட்டில் நின்று எல்லாவற்றையும் கேட்டார். ஒரு சொட்டுக் கண்ணீர் இல்லை. கடைசியில், “கிணறு மூடண்டா,” மூட வேண்டாம் என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார்.

புல முடிந்தது. அவர்கள் பக்கத்துக் கப்பியில் மறுபடி கயிறு ஏறியது. அன்று மதியம் நான் வேண்டுமென்றே கிணற்றடியில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். இசக்கி வந்து கல்லில் ஏறினாள். என்னைப் பார்த்தாள், போகவில்லை. உள்ளே எட்டி, “சேச்சி,” என்றாள்.

தண்ணீரில் பார்கவிச் சேச்சியின் முகம் அசைந்தது. நரைத்த தலை, வெறும் நெற்றி. இசக்கி பயப்படவில்லை. இத்தனை நாள் வராமலிருந்த ஆளைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள்.

“ஊணு... கழிச்சோ... மக்களே?” என்று கேட்டது இசக்கிதான். கேள்வியும் இப்போது அம்மிணியின் மூச்சில் வந்தது.

மதிலுக்கு அந்தப் பக்கம் கயிறு சரசரவென்று ஓடி வாளி தண்ணீரில் விழுந்தது. சேச்சியின் கை நழுவியிருக்க வேண்டும்.

“கழிச்சு,” என்றார் சேச்சி. பிறகு, “ஒந்நூடெப் பற, மக்களே. ஒந்நூடெப் பற.” இன்னொரு தடவை சொல்லு என்று.

அன்றிலிருந்து தினமும் அந்த நேரத்துக்கு இருவரும் வந்தார்கள். பகல் வெளிச்சத்தில், நான் பக்கத்தில் இருக்க, ஐந்து வயசுப் பெண் ஒருத்தி செத்தவளின் மூச்சில் பேசுவாள். அம்மா அதற்குப் பதில் சொல்லுவாள். கதை சொன்னார்கள். நிலாவைப் பற்றி, மழையைப் பற்றி, பலாப்பழத்தைப் பற்றி. இசக்கியின் வார்த்தைகள் பெருகின. எனக்கு மயிர்க்கூச்செறியாத நாள் கிடையாது. நிறுத்தலாமா என்று தினமும் நினைப்பேன். ஜூன் மாதத்தை நினைத்து விட்டுவிடுவேன்.

பெயர் கேட்ட நாள்

பள்ளிக்கூடத்துக்கு வடிவும் நானும் இசக்கியைக் கூட்டிக்கொண்டு போனோம். பார்கவிச் சேச்சியும் கரைபோட்ட முண்டுடுத்திக் கூடவே வந்தார். வரச்சொல்லி யாரும் கேட்கவில்லை. உள்ளே வராமல் வராந்தாவிலேயே நின்றுவிட்டார்.

“மோளுடெ பேரெந்தா?” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கேட்டார். நல்ல மாதிரியாகத்தான் கேட்டார்.

இசக்கி மேஜைமேல் இருந்த கண்ணாடி உருண்டையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மறுபடி கேட்டார். மறுபடி மௌனம். வடிவின் கை என் முந்தானையைப் பிடித்து முறுக்கிக்கொண்டிருந்தது. ஊருக்குக் கூட்டிப்போக அப்பாவின் அண்ணன் மறுநாள் வருவதாக இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸ் என்னைப் பார்த்து உதட்டைப் பிதுக்கி, பேனாவை மூடினார்.

ஜன்னலுக்கு வெளியே, கண்ணுக்குத் தெரியாத இடத்திலிருந்து ஒரு குரல் கேட்டது.

“ஆரு... அவிடெ?”

அதே இழுப்பு, அதே விசில். பார்கவிச் சேச்சி தன் மகளின் மூச்சைத் தானே இழுத்துப் பேசினார். ஒரு தாய்க்கு அது எப்படி முடிந்தது என்று நான் அதிகம் யோசிப்பதில்லை. யோசித்தால் தாங்காது.

“ஞானா... இசக்கி,” என்றாள் குழந்தை.

ஹெட்மிஸ்ட்ரஸ் நிமிர்ந்தார். அப்பா பெயர் கேட்டார். சொன்னாள். என்ன சாப்பிட்டாய் என்று கேட்டார். சொன்னாள். கிணற்றில் தவளை இருப்பதையும் யாரும் கேட்காமலே சொன்னாள். ஒவ்வொரு வார்த்தைக்கும் நடுவில் தோள் ஏறி இறங்கியது.

“குட்டிக்கு ஆஸ்துமா உண்டோ?” என்று ஹெட்மிஸ்ட்ரஸ் கவலையாகக் கேட்டார்.

“இல்ல டீச்சர், படிச்ச எடம் அப்படி,” என்று சட்டென்று என் வாயில் வந்துவிட்டது. அவருக்குப் புரியவில்லை. ஆனாலும் பேனாவைத் திறந்து பெயரை எழுதினார்.

வடிவு அந்த வராந்தாவில் பார்கவிச் சேச்சியின் காலில் விழுந்தாள். சேச்சி அவளைத் தூக்கி நிறுத்தினார். ஒருவர் மொழி ஒருவருக்கு அவ்வளவாகத் தெரியாது. அன்று அது ஒரு குறையாகவே இல்லை.

பிறகு

இசக்கி ஊருக்குப் போகவில்லை. அம்மாவோடு இருந்தாள், பள்ளிக்கூடம் போனாள். சாயங்காலம் வடிவு வேலை முடித்து வரும்வரை என் வீட்டில்தான் இருப்பாள். வந்ததும் பையைத் தூக்கி எறிந்துவிட்டுக் கிணற்றடிக்கு ஓடுவாள். அந்தப் பக்கம் சேச்சி காத்திருப்பார்.

மழை தொடங்கியது. வகுப்பில் இசக்கிக்குச் சிநேகிதிகள் வந்தார்கள். அவர்களுடைய மலையாளம் ஓடுகிற மலையாளம். இசக்கியின் பேச்சும் ஓடத் தொடங்கியது. முதலில் வாக்கியத்தின் நடுவில் இழுப்புக் காணாமல் போயிற்று. பிறகு தொடக்கத்தில். நான் அதைச் சந்தோஷமாகக் கவனித்துக்கொண்டிருந்தேன். மதிலுக்கு அந்தப் பக்கத்திலும் ஒருவர் கவனித்துக்கொண்டிருப்பார் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஓணத்துக்குக் கொஞ்சம் முந்தி ஒரு சாயங்காலம். மழை விட்டிருந்தது. இசக்கி கல்லில் ஏறி நின்று ஒரே மூச்சில் கொட்டினாள். “சேச்சீ, இந்நு டீச்சர் எல்லாரெயும் அடிச்சு, பக்‌ஷே ஞான் கரஞ்ஞில்ல, ராதெ மாத்ரம் கரஞ்ஞு!”

டீச்சர் எல்லாரையும் அடித்தாராம், இவள் அழவில்லையாம். எங்கும் நிற்காத, எங்கும் திணறாத, ஆரோக்கியமான ஒரு குழந்தையின் குரல்.

“பதுக்கெப் பற, மக்களே,” என்றார் சேச்சி. “பதுக்கெ.”

“பதுக்கெப் பறஞ்ஞா மறந்நு போவும் சேச்சீ!” என்று சிரித்தாள் இசக்கி. மெதுவாகச் சொன்னால் மறந்துபோகுமாம். குதித்து இறங்கி வீட்டுக்குள் ஓடிவிட்டாள்.

நான் வாளியைக் கீழே வைத்துவிட்டுக் குனிந்து பார்த்தேன். தண்ணீரில் சேச்சியின் முகம் இருந்தது. மழைநீர் சொட்டிச் சொட்டி அது கலைந்து கலைந்து சேர்ந்தது.

“சேச்சீ?” என்றேன்.

“டீச்சரே,” என்றார். “இந்நாணு என்டெ அம்மிணி போயது.”

இன்றைக்குத்தான் போனாள் என்றார். மதிலில் நெற்றியை வைத்துக்கொண்டு நானும் அழுதேன்.

வாசலில் வடிவின் குரல் கேட்டது. “எம்மா, பசிக்கி! எம்மா, என்ன கொண்டாந்தே?” என்று இசக்கி தமிழில் கத்திக்கொண்டு ஓடினாள். வீடே அதிர்ந்தது. வடிவு கலகலவென்று சிரித்தாள்.

“ஏ இசக்கி, மெல்லப் பேசு!” என்று நான் அதட்டினேன்.

கிணற்றுக்குள்ளிருந்து சேச்சியின் குரல் ஏறி வந்தது.

“வேண்டா டீச்சரே. குட்டி பறயட்டெ.”